மகளிர் விடியல் பயணம்: கட்டணம் நீங்கிய பிறகும் மிஞ்சியிருக்கும் விலை

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு கொடுக்காமல் பயணம் செய்யலாம் என்னும் ஆணை 2021 மே 7 அன்று கையெழுத்தாகி, மறுநாளே நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இந்தச் சேவையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இரண்டு கணக்குகளுக்குள் அடங்கிவிடும். ஒன்று, அதனால் யாருக்கு வாக்குக் கிடைத்தது என்பது. மற்றொன்று, அரசுக் கருவூலத்துக்கு எவ்வளவு செலவானது என்பது. ஓர் உணவகத்தையோ கைப்பேசியையோ மதிப்பிடும்போது நாம் கேட்கிற எளிய கேள்விகளை, அதாவது பயன்படுத்துகிறவருக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது, எங்கே குறைபடுகிறது, எதைத் திருத்தினால் இன்னும் நன்றாக இருக்கும் என்பவற்றை, இந்தச் சேவையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. மதுரை வட்டாரத்தில் இந்தப் பேருந்துகளில் போய்வருகிறவள் என்ற முறையிலும், கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறவள் என்ற முறையிலும் அந்த மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். ஒரு செலவு மனிதர்களின் வாழ்வை எவ்வளவு மேம்படுத்துகிறது என்பதை வருமானத்தால் மட்டும் அளக்காமல், அவர்களுடைய நாள் எப்படிக் கழிகிறது, எதைச் செய்ய அவர்களால் முடிகிறது என்பவற்றையும் சேர்த்து அளக்கிற துறை ஒன்று பொருளாதாரத்தில் கடந்த ஐம்பது ஆண்டுகளாக வளர்ந்துவந்திருக்கிறது. அதன் அளவுகோலே இங்கே என் அளவுகோல்.

சேவையின் அமைப்பு மிக எளிமையானது. அந்த எளிமைக்கே முதல் மதிப்பெண் தர வேண்டும். முகப்பில் மகளிருக்குக் கட்டணமில்லை என்று எழுதியிருக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினால் போதும். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, விண்ணப்பம், வருமானச் சான்று எதுவும் வேண்டாம். நடத்துநர் கட்டணமில்லாப் பயணச்சீட்டு ஒன்றைக் கொடுப்பார். அந்தச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டுதான் அரசு கழகங்களுக்கு ஈட்டுத்தொகை வழங்குகிறது. அடுத்த சில வாரங்களிலேயே திருநங்கையருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், அவர்களுடன் வரும் உதவியாளருக்கும் இது விரிவாக்கப்பட்டது. 2023 ஜூனில் இதே போன்ற திட்டத்தைத் தொடங்கிய கர்நாடகம், அந்த மாநிலத்தவர் என்பதற்கான சான்றைக் காட்டச் சொல்கிறது. இங்கே அந்த நிபந்தனை இல்லாததால், திருப்பூரின் பனியன் நிறுவனங்களுக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் பெண்ணும் உள்ளூர்ப் பெண்ணும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்குகிறார்கள். சான்று கேட்கிற எந்தத் திட்டத்திலும், சான்றைத் திரட்ட இயலாத ஏழைகள்தாம் முதலில் விடுபட்டுப்போகிறார்கள் என்பது நலத்திட்டங்களைப் பற்றிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது.

வசதியுள்ள பெண்களும் இலவசமாகப் போகிறார்களே என்று கேட்பவர்களுக்கும் இந்த அமைப்பிலேயே விடை இருக்கிறது. சலுகை சாதாரணப் பேருந்துக்கு மட்டும்தான். விரைவுப் பேருந்து, சொகுசுப் பேருந்து, குளிர்சாதனப் பேருந்து ஆகியவற்றுக்கு இல்லை. நெரிசலையும் தாமதத்தையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லாதவர்கள் தாமாகவே வேறு வண்டிக்குப் போய்விடுகிறார்கள். அதிகாரி ஒருவர் உட்கார்ந்து பயனாளிகளைப் பொறுக்கியெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல், தேவையுள்ளவரிடம் சலுகை போய்ச் சேர்கிறது.

இனி, கிடைப்பது என்ன என்பதற்கு வருவோம். மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வின்படி, இந்தச் சேவையைப் பயன்படுத்தும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது. மேடைகளிலும் விளம்பரங்களிலும் அடிக்கடி சொல்லப்படும் எண் இதுதான். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்ணுக்கு 888 ரூபாய் என்பது ஒரு சமையல் எரிவாயு உருளைக்குக் கிட்டத்தட்ட ஈடான தொகை; அதைச் சிறிது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இந்த எண் பெரும்பாலும் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பே போய்க்கொண்டிருந்த பயணத்துக்கு ஆன செலவு இப்போது இல்லை என்பதை அது அளக்கிறது. முன்பு போகாமலே இருந்த பயணத்தைப் பற்றி அது அதிகம் சொல்லாது. என் பார்வையில் இந்தச் சேவையின் ஆகச் சிறந்த பயன் அந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மேல், அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, மதுரை அண்ணா பேருந்து நிலையப் பக்கமாகப் போகிற ஒரு டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகிற வயதான பெண்கள் முன்பக்க இருக்கைகளில் இருப்பார்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை அட்டைகள், நோட்டுப் புத்தகம், ஒரு தண்ணீர்ப் போத்தல் ஆகியவை அடங்கிய துணிப்பை மடியில் இருக்கும். அப்படி ஒருநாள் என் பக்கத்தில் இருந்த அம்மாவின் பையில் மாத்திரைக்குப் பதிலாக முருங்கைக்கீரைக் கட்டும், வாழையிலையில் சுற்றிய கொஞ்சம் கதம்பமும் இருந்தன. முன்னிருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, “என்னக்கா, ஆசுபத்திரிக்கா?” என்று கேட்டார். “இல்லத்தா, மகளப் பாக்கப் போறேன். சும்மாதான். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டத் திரும்பிருவேன்” என்றார் அந்த அம்மா. மகள் வாழ்க்கைப்பட்டிருந்த ஊருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். முன்பெல்லாம் காதுகுத்து, சடங்கு, துக்கம் என்று ஏதாவது ஒன்று இருந்தால்தான் போவாராம். “இப்ப தோணுச்சுன்னா கெளம்பிர்றேன்” என்று சொல்லிவிட்டு, கீரைக் கட்டு வாடாமல் இருக்க முந்தானையால் மூடிக்கொண்டார்.

‘சும்மாதான்’ என்று ஒரு பெண் கிளம்ப முடிவது எந்தக் கணக்கேட்டிலும் வருமானமாகப் பதியாது. ஆனால் நல்வாழ்வை அளக்க முயன்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வழியில் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 2012 முதல் வெளிவருகிற உலக மகிழ்ச்சி அறிக்கை, நாடுகளுக்கிடையே வாழ்க்கை மதிப்பீடு ஏன் வேறுபடுகிறது என்பதை விளக்க ஆறு காரணிகளை எடுத்துக்கொள்கிறது. வருமானம் அவற்றில் ஒன்று மட்டும்தான். துன்பம் வந்தால் நம்பியிருக்க உறவோ நட்போ உண்டா என்பது மற்றொன்று. தன் வாழ்க்கையில் எதைச் செய்வது என்று தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் பற்றி ஒருவர் நிறைவாக உணர்கிறாரா என்பது இன்னொன்று. மகளைப் பார்த்துவிட்டு வருகிற அந்த ஒரு மணி நேரத்தில் இந்த இரண்டும் இருக்கின்றன. பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்ததும் இதையொட்டியதுதான்: ஒருவரிடம் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல், அவரால் எதைச் செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கூடவே அவர் விடுத்த எச்சரிக்கை ஒன்றும் இங்கே முக்கியமானது. நெடுங்காலம் இல்லாமையில் வாழ்ந்தவர் தம் ஆசைகளையும் அதற்கேற்பச் சுருக்கிக்கொண்டு, கேட்டால் குறையொன்றுமில்லை என்றே சொல்லக்கூடும். மகள் வீட்டுக்கு வருடத்துக்கு ஓரிரு முறை போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த அம்மாவிடம் ஒரு கணக்கெடுப்பாளர் வந்து மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால், அப்போதும் ஆமாம் என்றுதான் பதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே திருப்தியைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நிறுத்தாமல், புதிதாக முளைத்த பயணங்கள் எவை என்று தேடிப் பார்க்கிற ஆய்வு இந்தச் சேவைக்குத் தேவைப்படுகிறது.

போகவர இருபது, முப்பது ரூபாய்தானே, அது ஒரு தடையா என்று கேட்கக்கூடும். பணத்தின் அளவைவிட, அதை யாரிடம் கேட்க வேண்டியிருந்தது என்பதே பெரிய தடை. வீட்டில் சம்பாத்தியம் ஆணின் சட்டைப்பையில் இருக்கும்போது, பெண்ணின் ஒவ்வொரு பயணத்துக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவமனை என்றால் காசு வரும், தோழியின் வீடு என்றால் வராது. குடும்பம் முழுவதும் ஒரே பணப்பை என்று பாடநூல்கள் நெடுங்காலம் கருதிவந்ததைக் கேள்விக்குள்ளாக்கிய புகழ்பெற்ற சான்று பிரிட்டனிலிருந்து வந்தது. அங்கே 1970களின் இறுதியில், குழந்தைகளுக்கான உதவி தந்தையின் வரிச்சலுகை என்ற வடிவிலிருந்து தாயின் கையில் கொடுக்கும் தொகை என்ற வடிவுக்கு மாற்றப்பட்டது. லுண்ட்பெர்க், போலக், வேல்ஸ் ஆகிய மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மாற்றத்தை ஒட்டி, ஆண்களின் உடைகளோடு ஒப்பிடும்போது பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான உடைகளுக்குக் குடும்பங்கள் செலவிட்ட பங்கு கூடியதைக் காட்டியது. உதவி யார் கை வழியாக வருகிறது என்பதைப் பொறுத்து அது எங்கே போய்ச் சேரும் என்பதும் மாறுகிறது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. ஆனாலும் கணக்கில் விழுந்த பணத்தை வீட்டில் ஒருவர் கேட்டு வாங்கிவிட முடியும். பேருந்துப் பயணத்தை அப்படி வாங்கி வேறொன்றுக்குச் செலவழிக்க எவராலும் முடியாது. பொருளாக உதவுவதைக் காட்டிலும் பணமாகக் கொடுப்பதே மேல் என்று முதலாண்டு வகுப்பில் நான் கற்பிக்கும் பொதுவிதிக்கு, இந்த ஒரு காரணத்தாலேயே இந்தச் சேவை மதிக்கத்தக்க விதிவிலக்காகிறது.

பாதிக் கட்டணம் என்று வைத்திருந்தால் போதாதா என்ற கேள்வியும் உண்டு. பூச்சியம் என்பது விலைப்பட்டியலின் கடைசிப் படி மட்டுமன்று. அது தனி வகை. ஷாம்பனியர், மசார், ஏரியலி ஆகியோர் 2007இல் வெளியிட்ட சாக்லேட் பரிசோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உயர்தரச் சாக்லேட் ஒன்றும் சாதாரணச் சாக்லேட் ஒன்றும் குறைந்த விலைக்கு விற்கப்பட்டபோது பெரும்பாலோர் உயர்தரமானதையே எடுத்தார்கள். இரண்டின் விலையையும் ஒரே அளவு குறைத்துச் சாதாரணச் சாக்லேட்டின் விலையைப் பூச்சியமாக்கியதும், விலை வித்தியாசம் மாறாதபோதும், கூட்டம் அதன் பக்கம் சாய்ந்தது. பேருந்தில் இதன் பொருள் இன்னும் நேரடியானது. சென்னையின் சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்தான். ஆனால் அந்த ஐந்து ரூபாய் இருக்கிற வரையில் கிளம்புமுன் சுருக்குப்பையைத் திறந்து பார்க்க வேண்டும், சில்லறை தேட வேண்டும், தவறான பேருந்தில் ஏறினால் இரண்டாம் முறை கொடுக்க வேண்டும், மீதியை நடத்துநரிடம் கேட்டு வாங்க வேண்டும். கட்டணம் அடியோடு நீங்கியபோது இந்தக் கவலைகள் அத்தனையும் சேர்ந்தே நீங்கின.

கட்டணமில்லாப் பேருந்து நம் ஊரில் மட்டும் நடப்பதன்று. எஸ்டோனியாவின் தலைநகரான டாலின் 2013 ஜனவரி 1 முதல் தன் குடியிருப்பாளர்களுக்குப் பொதுப்போக்குவரத்தை இலவசமாக்கியது. லக்சம்பர்க் 2020இல் நாடு முழுவதற்கும் எல்லாருக்கும் ஆக்கியது. அந்த ஊர்களில் முதன்மையாகக் கேட்கப்பட்ட கேள்வி, கார்கள் குறைந்தனவா என்பது. டாலினில் புதிதாகப் பேருந்தில் ஏறியவர்களில் ஒரு பகுதியினர் முன்பு நடந்து போனவர்கள் என்று தெரியவந்தபோது, அதைத் திட்டத்தின் குறையாகச் சுட்டினார்கள். ஐரோப்பிய நகரத்துக்கு அது சரியான விமர்சனமாகவே இருக்கலாம். மே மாத வெயிலில் தலையில் கீரைக்கூடையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து சந்தைக்குப் போன பெண் இப்போது பேருந்தில் போகிறாள் என்றால், இங்கே அதைக் குறை என்று எழுத முடியுமா? நம் சேவையின் வெற்றிகளில் அதுவும் ஒன்று. மற்றவர்களின் அளவுகோலை அப்படியே எடுத்து வைத்தால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

இதுவரை எழுதியது பாராட்டு. அதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் பயண அனுபவம் என்ற பகுதிக்கு வந்தால் மதிப்பெண் இறங்கத்தான் செய்கிறது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானெமனும் அவருடைய கூட்டாளிகளும், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளைச் சிறு சிறு நிகழ்வுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்போதும் மனம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதினார்கள். 2004இல் வெளியான அந்த ஆய்வில், நாளின் எல்லா நடவடிக்கைகளிலும் மனத்துக்கு மிகக் குறைந்த இன்பம் தந்தவற்றின் வரிசையில் காலைப் பயணம் அடிமட்டத்தில் இருந்தது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் அதே குடும்பங்களைத் தொடர்ந்து கேட்டுத் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு ஸ்டுட்சரும் ஃப்ரையும் செய்த ஆய்வு, பயண நேரம் கூடியவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருப்பதையும், கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை முழுவதுமாக ஈடுகட்டுவதில்லை என்பதையும் காட்டியது. சம்பள உயர்வின் மகிழ்ச்சி நாளடைவில் பெரும்பாலும் பழகி மங்குகிறது. தினசரிப் பயணத்தின் அலுப்பு அப்படிப் பழகிவிடுவதில்லை. அதனால்தான் கட்டணம் நீங்கிய மகிழ்ச்சி மட்டும் நெடுங்காலம் நிற்கும் என்று எண்ணிக்கொண்டு இருக்க முடியாது. 2021இல் பயணச்சீட்டைக் கையில் வாங்கியபோது பெண்களின் முகத்தில் இருந்த வியப்பு இப்போது இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இப்போது அவர்களுக்கு மிஞ்சியிருப்பது பயணம்தான், அதற்கு அவர்கள் கொடுக்கிற விலை காத்திருப்பு.

காத்திருப்பு என்பதை நான் விலை என்றே சொல்கிறேன். பல நாடுகளின் போக்குவரத்துத் திட்டமிடலில், நிறுத்தத்தில் நிற்கும் ஒரு நிமிடத்தை வண்டிக்குள் இருக்கும் ஒரு நிமிடத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சுமையாகக் கணக்கிடுவது வழக்கம். வண்டி எப்போது வரும் என்று தெரியாத பதற்றமும், வெயிலும், கால்கடுப்பும் அந்த நிமிடத்தோடு சேர்ந்தே வருகின்றன. பெண்களுக்கு இந்தச் சுமை ஆண்களைவிட அதிகம். ஏனென்றால் அவர்களிடம் ஒதுக்கி வைத்த நேரம் இல்லை. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேர வீட்டு வேலைக்கு மேல் கூலி வேலையும் பார்க்கிற ஒருத்தியிடம் நாற்பது நிமிடம் நிறுத்தத்தில் நில் என்று சொன்னால், அதை அவள் தன் தூக்கத்திலிருந்துதான் எடுத்துத் தர முடியும்.

இந்த இடத்தில் சேவையின் அமைப்பிலேயே உள்ள ஒரு குறையைச் சொல்ல வேண்டும். வழங்கப்பட்ட பயணச்சீட்டுகளை எண்ணித்தான் திட்டத்தின் வெற்றி அறிவிக்கப்படுகிறது. நூற்றுக்கணக்கான கோடிப் பயணங்கள் நடந்திருக்கின்றன என்பது பெருமைக்குரிய செய்திதான். ஆனால் வண்டி வராமல் காத்திருந்து சலித்து, ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனவருக்குச் சீட்டு இல்லை. கூட்டத்தில் ஏற முடியாமல் வீடு திரும்பியவருக்கும் இல்லை. சாதாரணப் பேருந்துக்கு இடையில் இரண்டு சொகுசுப் பேருந்துகள் வந்தபோது, வேலைக்கு நேரமாகிறதே என்று அதிலேறிப் பணம் கொடுத்தவர், இந்தத் திட்டத்தின் ஏட்டில் எங்கும் வரமாட்டார். கிடைத்த பயன் முழுவதையும் எண்ணுகிற ஏற்பாடு இருக்கிறது. கிடைக்காமல் போனதை எண்ணுவதற்கு எதுவும் இல்லை. தனியார் நகரப் பேருந்துகள் நிறைய ஓடும் தடங்களிலும் இதே நிலைதான். அங்கே இந்தச் சலுகை செல்லாது என்பதால், அரசுப் பேருந்துக்கும் அடுத்த அரசுப் பேருந்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியே பெண்ணின் பயணத்தைத் தீர்மானிக்கிறது. டவுன் பஸ் எட்டாத, மப்சல் பேருந்து, அதாவது ஊர்விட்டு ஊர் போகும் வெளியூர்ப் பேருந்து, மட்டும் நின்று போகிற ஊர்களுக்கு இந்தச் சேவை இன்னும் போய்ச் சேரவில்லை. மலைப்பகுதிகளுக்கு 2024இல்தான் நீட்டிக்கப்பட்டது.

தீர்வு என்னவென்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளாதார அறிஞர் 1972இல் எழுதிய கட்டுரை ஒன்று பேருந்துச் சேவையின் தனித்தன்மையை எளிய கணக்கில் விளக்கியது. அரை மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில், நேரம் பார்க்காமல் வந்து நிற்பவர் சராசரியாகக் கால் மணி நேரம் காத்திருக்கிறார். அதே தடத்தில் வண்டிகளை இரட்டிப்பாக்கினால் காத்திருப்பு ஏழரை நிமிடமாகிறது. புதிதாக வந்தவருக்கு மட்டுமல்லாமல், முன்பிருந்தே பயணம் செய்பவர் ஒவ்வொருவருக்கும் அந்த நேரம் மிச்சமாகிறது. பயணிகள் பெருகினால் நடைகளை, அதாவது வண்டி போய்வரும் தடவைகளை, கூட்டலாம், நடைகள் கூடினால் எல்லாருடைய காத்திருப்பும் குறையும் என்பதுதான் பொதுப்போக்குவரத்துக்கு அரசு மானியம் தருவதை நியாயப்படுத்தும் வலுவான வாதங்களில் ஒன்று. கட்டணத்தை நீக்கிப் பயணிகளைப் பெருக்கிய முதல் பாதியைத் தமிழ்நாடு செய்து முடித்துவிட்டது. நடைகளைக் கூட்டுகிற இரண்டாம் பாதியும் நடந்தால்தான் செலவழித்த பணத்துக்கு முழுப் பலன் வரும். 2025-26 நிதிநிலை அறிக்கையில் இந்தப் பயணத்துக்கான மானியமாக 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதைக் குறைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதற்கு மேலும் ஒரு தொகையைச் சாதாரணப் பேருந்துகளின் எண்ணிக்கைக்கென்றே தனியாக ஒதுக்க வேண்டும் என்பேன்.

நடத்தப்படும் விதத்தைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. பெண்கள் மட்டும் நிற்கிற நிறுத்தத்தைக் கடந்து வண்டி போய்விடுவதாகவும், காசு கொடுக்காதவர்கள்தானே என்ற தொனியில் பேச்சு வருவதாகவும் செய்தித்தாள்களில் புகார்கள் வந்திருக்கின்றன. அதே வேளையில், பாட்டியின் கூடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “பாத்து எறங்கும்மா, வண்டி நின்ன பெறகு எந்திரி” என்று சொல்லும் நடத்துநர்களையும் இதே பேருந்துகளில் பார்க்கிறேன். அவர்களே பெரும்பான்மை என்பது என் அனுபவம். நெரிசல் மிகுந்த வண்டியில், படிக்கட்டு வரை தொங்குகிற கூட்டத்துக்கிடையே காலணா வராத சீட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிக்க வேண்டிய அவர்களுடைய வேலைச்சுமையும் இந்தத் திட்டத்தால் கூடியிருக்கிறது. பயணிக்கு மரியாதை வேண்டும் என்று கேட்கிற நாம், அந்த மரியாதையைக் கொடுக்கக்கூடிய நிலையில் ஊழியரை வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். மேலும், தீப்பெட்டி முதல் சோப்பு வரை வாங்குகிற பொருள்களில் வரி கட்டுகிற பெண்கள்தாம் இவர்கள். இது எவரும் தம் சொந்தப் பணத்திலிருந்து செய்கிற தருமம் அன்று.

ஆண் கூலித்தொழிலாளிக்கு ஏன் இல்லை என்ற கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அவருடைய வறுமையும் மெய்யானதுதான். பெண்ணின் நடமாட்டத்துக்குப் பணத்தோடு அனுமதியும் தடையாக இருந்தது என்பதால் முதலில் அவளிடமிருந்து தொடங்கியது சரி என்று மட்டும் சொல்வேன்.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். ஏறுமுன் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் 2022 முதல் பல சாதாரணப் பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசப்பட்டிருப்பதால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும், அந்த வண்ணம் இல்லாத வண்டிகளில் முகப்பில் ஒட்டியிருக்கும் எழுத்தைத்தான் நம்ப வேண்டும். சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பயணம் கணக்கில் ஏறுவதும், உங்கள் தடத்துக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்பது தெரிவதும் அந்தச் சீட்டால்தான். காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை, முடிந்தால் முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் தவிர்ப்பது நல்லது.

கழகங்களிடம் கேட்பது ஒன்று உண்டு. கையடக்கச் சீட்டு இயந்திரங்கள் வந்துவிட்ட தடங்களில், ஒவ்வொரு சீட்டும் எந்த நேரத்தில், எந்த ஸ்டேஜில் கிழிக்கப்பட்டது என்ற விவரம் இயந்திரத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டு ஒவ்வொரு தடத்திலும் இரண்டு சாதாரணப் பேருந்துகளுக்கு நடுவே எத்தனை நிமிட இடைவெளி இருந்தது என்பதை மாதந்தோறும் வெளியிட முடியும். எத்தனை கோடிப் பயணங்கள் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த நிமிடங்களையும் அச்சிட வேண்டும். அப்படி அச்சிட்டால், மாலை ஏழு மணிக்குப் பிறகு கிராமங்களுக்குப் போகும் கடைசி நடைக்கும் அதற்கு முந்தைய நடைக்கும் உள்ள இடைவெளிதான் முதலில் கண்ணில் படும் என்பது என் கணிப்பு. துணிக்கடையிலும் மருந்துக்கடையிலும் எட்டு மணி வரை நிற்கிற பெண்களுக்காக, அந்த நேரத்தில் தடத்துக்கு ஒரு நடையையாவது கூட்டுவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.